மருத்துவமனை கூப்பிடும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அப்பாவுக்கு 64 வயது. மூன்று வருடம் முன்பு கண்ணாடி மாற்றப் போனபோது இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருப்பதாகச் சொன்னார்கள். இரவில் போட ஒரு சொட்டு மருந்து கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். மூன்று தடவை ஒழுங்காகப் போனோம். அடுத்த தேதியை மருத்துவமனையே தள்ளிவைத்தது. "புதுத் தேதியை நாங்களே போனில் சொல்வோம்" என்றார்கள். கடைசியாகக் காட்டி 14 மாதம் ஆகிறது, போன் வரவில்லை. அப்பாவைக் கேட்டால் "எனக்கு நல்லாத்தானே தெரியுது, அவசரம்னா அவங்களே கூப்பிட மாட்டாங்களா?" என்கிறார். பேப்பர் படிக்கிறார், வண்டியும் ஓட்டுகிறார். ஆனால் சமீபமாகக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். போன வாரம் மேஜை ஓரத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டார். சொட்டு மருந்து ஒரு பாட்டில் இரண்டு மாதம் வருகிறது. அம்மாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. இதுவரை கண் காட்டியதே இல்லை. எனக்கு 38, தம்பிக்கு 34. நாங்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமா? நாங்களாகப் போன் செய்து தொந்தரவு பண்ணலாமா, இல்லை காத்திருப்பதுதான் சரியா?

பதில்: காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் நீங்களே கூப்பிடுங்கள். இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு மீதியை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள்தான் என்னை உட்கார்ந்து பதில் எழுதவைத்தன: இடது தோள், டம்ளர், இரண்டு மாதம் வரும் பாட்டில். 14 மாதம் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான்.

அப்பா "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்வது பொய் இல்லை. அவருக்கு நிஜமாகவே நன்றாகத் தெரிகிறது. நாம் பேப்பர் படிப்பதும், ஆள் முகம் பார்ப்பதும், ஊசியில் நூல் கோர்ப்பதும் பார்வையின் நடுப்பகுதியை வைத்துத்தான். கிளாக்கோமா பெரும்பாலும் அந்த நடுப்பகுதியைக் கடைசியில்தான் தொடும். முதலில் நடுவைச் சுற்றியுள்ள இடங்களில் ஆங்காங்கே ஓட்டை விழும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடுகிறவருக்குக்கூட பார்வை நரம்பு பாதிக்கு மேல் போயிருக்கலாம். எழுத்துப் பலகை சோதிப்பது நடுப்பார்வையை மட்டும். நோய் இருக்கும் இடத்தை அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படித் தெரிந்தால் எல்லோரும் முதல் வாரமே ஓடி வந்துவிடுவார்கள். மூளை அந்த இடத்தைச் சும்மா விடாது. சுற்றியிருக்கும் சுவரின் நிறத்தையோ மேஜையின் நிறத்தையோ இழுத்துப் பூசி மூடிவிடும். ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மற்றக் கண் ஈடுகட்டும். அதனால் மேஜை முழுதாகத் தெரியும், அதன் ஓரத்தில் இருந்த டம்ளர் மட்டும் காட்சியில் இருக்காது. கை பட்டு அது உருண்ட பிறகு "இதை யார் இங்கே வெச்சது?" என்று வீட்டில் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் ஓ.பி.யில் பல குடும்பங்களிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். நோயாளி சொல்லாததை டம்ளர் சொல்லிவிடும்.

ஆனால் இடது தோள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எப்போதும் ஒரே பக்கம்தான் இடிக்கிறது என்றால், இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா முற்றியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூளையில் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்துபோனாலும் ஒரு பக்கத்துப் பார்வை அப்படியே கழன்றுவிடும். எப்போது தொடங்கியது, படிப்படியாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா என்று அப்பாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரே நாளில் வந்தது என்றாலோ, கூடவே கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், வாய் கோணல் என எது இருந்தாலோ, கண் மருத்துவமனையின் தேதிக்கெல்லாம் நிற்காதீர்கள். அன்றே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

சரி, 14 மாதத்துக்கு வருவோம்.

பார்வை நரம்பு என்பது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளின் கட்டு. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் அந்த நரம்பு தாங்குகிற அளவைத் தாண்டும்போது இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. செத்த இழையை உயிர்ப்பிக்க இன்று எந்த மருந்தும் இல்லை, எந்த அறுவையும் இல்லை. மருந்தின் வேலை அழுத்தத்தைக் குறைத்து, மிச்சம் இருப்பதைக் காப்பது. வழக்கமான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் என்பார்கள். ஆனால் ஒருவருக்கு 22 பாதுகாப்பாக இருக்கும், இன்னொருவருக்கு 16-லேயே நரம்பு தேயும். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு அழுத்தம் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே நிற்கிறதா, நின்றும் நரம்பு தேய்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். உள்ளே அழுத்தம் மெல்ல மெல்ல ஏறினால் அப்பாவுக்கு வலிக்காது, சிவக்காது, ஒன்றும் தெரியாது. ஆறு மாதப் பரிசோதனைதான் அவருக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கை மணி. அது 14 மாதமாக அடிக்கவில்லை.

"அவசரம்னா கூப்பிட மாட்டாங்களா?" என்று அப்பா கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை பெரும்பாலும் "மாட்டார்கள்". யாருடைய கண்ணில் இப்போது அழுத்தம் ஏறியிருக்கிறது என்பது பரிசோதிக்காமல் மருத்துவமனைக்கு எப்படித் தெரியும்? தேதி தள்ளிப்போனவர்களின் பட்டியலில் அப்பாவும் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியைப் பார்த்து யாரும் "இவர் தாங்குவார்" என்று தீர்மானித்திருக்கவும் மாட்டார்கள். பிரிட்டனில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, கண் சிகிச்சையோ மறுபரிசோதனையோ தாமதமானதால் பார்வை இழந்தவர்களைத் தேடிக் கணக்கெடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் புதிதாக வந்தவர்கள் இல்லை. நோய் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு, மறுபரிசோதனை தள்ளிப்போனவர்கள். நோய்களில் முதலிடம் கிளாக்கோமாவுக்கு. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. புது நோயாளி வாசலில் நின்று சத்தம் போடுவார். பழைய நோயாளி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிளாக்கோமா இருந்த ஒரு பெரியவர் இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்தார். "நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்" என்றார். அவருக்குப் போன கடிதம் பழைய முகவரியிலிருந்து திரும்பி வந்து, கோப்புக்குள்ளேயே மடித்தபடி இருந்தது. ஃபீல்டு டெஸ்ட் எடுத்தோம். அந்தச் சோதனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே, ஓரத்தில் வெளிச்சம் மினுக்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பழைய தாளில் வலது கண்ணின் மூக்குப் பக்கம் மட்டும் ஒரு சாம்பல் கீற்று. புதிய தாளில் மேல் பாதி முழுக்கக் கறுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஆறு மாதத்தில் வரவும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தவன் நான். வராவிட்டால் என்ன ஆகும் என்று வாய்திறந்து சொல்லவில்லை. அன்றிலிருந்து சொல்கிறேன்.

கண்புரைக்கும் கிளாக்கோமாவுக்கும் வித்தியாசம் தெரியாததும் இந்தக் காத்திருப்புக்கு ஒரு காரணம். "எங்க மாமாவுக்கு நாலு வருஷம் கழிச்சுத்தான் கண் ஆபரேஷன் பண்ணாங்க, பளிச்னு தெரியுது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது புரை. புரையால் மங்கிய பார்வை, பழுத்த லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். அதையும் அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டால் அழுத்தம் எகிறி வேறு சிக்கல் வரும் என்றாலும், பொதுவாகச் சில மாதம் பொறுக்கும். கிளாக்கோமாவில் போனது போனதுதான். இரண்டுக்கும் ஒரே ஓ.பி., ஒரே வரிசை என்பதால் பொறுமையும் ஒரே அளவு என்று நினைத்துவிடுகிறோம்.

போனில் என்ன பேசுவது? "தேதி எப்போ?" என்று மட்டும் கேட்டால் "சொல்வோம்" என்ற பழைய பதில்தான் கிடைக்கும். பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லுங்கள்: "கிளாக்கோமா நோயாளி. ஆறு மாதத்தில் வரச் சொன்னது, 14 மாதம் ஆகிவிட்டது. தேதியைத் தள்ளிவைத்தது நீங்கள். இப்போது பக்கவாட்டில் பொருள்கள் தெரியாமல் இடித்துக்கொள்கிறார். இதைக் கிளாக்கோமா பிரிவு டாக்டரிடம் சொல்லி, இந்த வாரத்துக்குள் ஒரு தேதி வாங்கித் தாருங்கள்." நோயின் பெயர், வர வேண்டிய காலம், ஆன காலம், புதிதாக வந்த மாற்றம் என்ற நான்கும் அதில் இருப்பதைக் கவனியுங்கள். வரவேற்பில் இருப்பவருக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் "புதிதாக வந்த மாற்றம்" என்று கேட்டால் யாரிடமாவது கேட்காமல் வைக்க மாட்டார். பேசியவர் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் நேரில் போய் நில்லுங்கள். தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். எங்கள் பட்டியலில் விட்டுப்போனதை நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

அப்படியும் ஒரு வாரத்தில் நடக்கவில்லையென்றால், வேறு கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ளலாம். பழைய ஃபீல்டு டெஸ்ட் தாள்களையும், நரம்பின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன் தாள்களையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். கிளாக்கோமாவில் இன்றைய தாள் தனியாகச் சொல்வதைவிட, பழைய தாளோடு சேர்ந்து சொல்வது அதிகம்.

அடுத்தது அந்தப் பாட்டில். இரவுக்கு ஒரு சொட்டு, இரண்டு கண்ணுக்கும் என்றால், வழக்கமான சிறு பாட்டில் ஏறக்குறைய ஒரு மாதம்தான் வரும். இரண்டு மாதம் வந்தால் பல இரவுகளில் மருந்தே போடவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அவரைக் குற்றவாளி ஆக்காமல் ஒரு நாள் அவர் போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். போடும் நாளிலும், நான் பார்த்தவரை பலருக்குச் சொட்டு இமையில் விழுந்து கன்னத்தில் வழிகிறது, துடைத்துவிட்டுப் "போட்டாச்சு" என்பார்கள். சிலர் வேகமாகக் கண்சிமிட்டியே மருந்தை வெளியே தள்ளிவிடுவார்கள். கை கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். அதற்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலின் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கேதான் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் ஓட்டை இருக்கிறது. அதை மூடினால் மருந்து கண்ணிலேயே தங்கும், உடம்புக்குள் போவதும் குறையும். டிமோலால் போன்ற மருந்துகளுக்கு இது ரொம்ப முக்கியம். அவை உடம்பில் கலந்தால் ஆஸ்துமாவைக் கிளப்பும், இதயத் துடிப்பைக் குறைக்கும். இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். திறந்த பாட்டிலைப் பல மருந்துகளில் நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் இரண்டாவது மாதம் போட்டதும் முழு மருந்தாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பரிசோதனைக்குப் போகும் முதல்நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அழுத்தம் அன்றைக்கு அழகாக இருக்கும். நாங்களும் "அருமை, இதையே தொடருங்கள்" என்று அனுப்பிவிடுவோம். டாக்டரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் போட முடியவில்லை என்றால் லேசர் என்ற வழியும் இருக்கிறது. கண்ணுக்குள் நீர் வடியும் வழி திறந்திருக்கும் வகைக் கிளாக்கோமாவில் பலருக்கு அதையே முதல் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்று 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுக்கிறார் என்றால் அதையும் சொல்ல வேண்டும், அது கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது.

அம்மா விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, உங்கள் மேல் இல்லை. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிய யாரும் ஒருமுறைகூடக் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லையே என்று. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தெரிந்த அன்றைக்கே கண் பாப்பாவைச் சொட்டு மருந்தால் விரியவைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும், அப்புறம் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை. விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கினாலும் ஆரம்பத்தில் பார்வை குறையாது. மங்கலான பிறகு வந்தால் லேசரும் ஊசியும் போட்டு மேற்கொண்டு கெடாமல் பிடிக்கலாம்; போனதெல்லாம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அப்பாவைக் கூட்டிப் போகும் அதே நாளில் அம்மாவுக்கும் சீட்டுப் போட்டுவிடுங்கள். விரியவைக்கும் மருந்து போட்டால் சில மணி நேரம் கூசும், கிட்டத்தில் படிக்க முடியாது. ஆகவே துணைக்கு நீங்களோ தம்பியோ இருப்பது நல்லது.

உங்கள் இருவருக்கும்: ஆமாம், பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அழுத்தம் மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது. நரம்பையும், கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியை உங்கள் போனில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வாரம் அல்ல, ஒரு நாள்கூடப் பொறுக்காத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் பெரியவர்கள் இருப்பதால். ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போவது, சில நிமிடத்தில் திரும்பிவிட்டாலும்கூட. மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, கூடவே கொசு பறப்பதுபோல் புள்ளிகள் திடீரென்று கூடுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது. இது விழித்திரை பிரிவதாக இருக்கலாம், நடுப்பகுதி பிரிவதற்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டால் கதையே வேறு. சிவந்து வலிக்கும் கண், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், தலைவலி, வாந்தி. இது கண் அழுத்தம் திடீரென்று எகிறியதாக இருக்கலாம்; பலர் இதை வயிற்றுக்கோளாறு என்று நினைத்து ஒரு இரவை இழக்கிறார்கள். 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவினால் உச்சி நோவது, மெல்லும்போது தாடை வலிப்பது, அதோடு பார்வைக் குறைவு. கண்ணில் அமிலமோ சுண்ணாம்போ பட்டால் முதலில் வீட்டுக் குழாயடியிலேயே குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு, அப்புறம்தான் வண்டி ஏற வேண்டும்.

வண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பா இன்னும் ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மேஜை ஓரத்து டம்ளர் தெரியாதவருக்கு, இடப்பக்கச் சந்திலிருந்து ஓடிவரும் பிள்ளையும் தெரியாது. ஃபீல்டு டெஸ்ட் எடுத்து டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லும்வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். கோபித்துக்கொள்வார். "டாக்டர்தான் வாங்கி வைக்கச் சொன்னார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.